பாவமும் கடனும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கிறிஸ்தவன் அல்ல. நெருங்கிய நண்பர்கள் சிலர் கிறிஸ்தவர்கள். அவர்களிடம் கேட்டுக் கேட்டும் தெளிவாகாத மூன்று கேள்விகள் என்னிடம் இருக்கின்றன.

ஒன்று, கடவுள் அன்பே உருவானவர் என்றால் மனிதனை மன்னிக்க அவருக்கு ஒரு பலி எதற்கு? பிள்ளை தப்பு செய்தால் அப்பா 'சரி, போ' என்று விட்டுவிடுவதில்லையா? ஒருவர் செய்த பாவத்துக்கு இன்னொருவர் சாவது எப்படி நீதியாகும்? இரண்டு, பிறந்த குழந்தையைக்கூடப் பாவி என்பது கொடூரமில்லையா? மூன்று, எல்லாம் இலவசமாக மன்னிக்கப்படும் என்றால் ஞாயிற்றுக்கிழமை அழுதுவிட்டுத் திங்கட்கிழமை மறுபடி அதையே செய்யலாமே?

கேட்டால் 'விசுவாசித்தால் புரியும்' என்கிறார்கள். விசுவாசிக்காமலும் புரிந்துகொள்ள வழி இருக்கும்தானே? எதிலிருந்து வாசிக்கத் தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

'விசுவாசித்தால் புரியும்' என்பது பெரும்பாலும் பதில் கைவசம் இல்லாதபோது சொல்லப்படுவது. உங்கள் முதல் கேள்வியை விசுவாசிகளே நூற்றாண்டுக் கணக்கில் தங்களுக்குள் கேட்டு மோதியிருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஃபாஸ்டோ சோசினி என்ற இத்தாலியர் ஏறத்தாழ உங்கள் வார்த்தைகளிலேயே கேட்டார்: மன்னிக்க வல்லவருக்கு ஈடு எதற்கு?

உங்கள் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். பிள்ளை பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டான். அப்பா 'சரி, போ' என்கிறார். பிள்ளை விளையாடப் போய்விடுவான். கண்ணாடிக்கான பணத்தை அப்பா எடுத்துக் கொடுப்பார். பிள்ளைக்குச் செலவில்லை என்பதால் யாருக்குமே செலவில்லை என்று ஆகாது. மன்னிப்பவர் அந்த நஷ்டத்தைத் தன் பக்கம் எழுதிக்கொள்கிறார்.

இயேசு இதைக் கணக்காகவே சொல்கிறார், மத்தேயு 18ஆம் அதிகாரத்தில். ஒரு ராஜா ஊழியக்காரரிடம் கணக்குப் பார்க்கிறார். ஒருவன் 10,000 தாலந்து கடன்பட்டவன். ஒரு தாலந்து சுமார் 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் கூலியாளின் ஒருநாள் கூலி என்பது அதே நூலின் 20ஆம் அதிகாரத்தில் வருகிறது. ஆக, கடன் 6 கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் உழைத்தாலும் அடைத்து முடிக்க 2 லட்சம் வருடம் ஆகும். இயேசுவின் காலத்தில் கலிலேயாவையும் பெரேயாவையும் ஆண்ட ஏரோது அந்திப்பாவுக்கு அவை இரண்டும் சேர்ந்து ஈட்டித் தந்த ஆண்டு வரி 200 தாலந்து என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதியிருக்கிறார். ஓர் ஊழியக்காரன் அப்படிப்பட்ட ஒரு நாட்டின் 50 வருட வரியைக் கடனாக வாங்கியிருக்கிறான்! கதையைக் கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அதைவிடச் சிரிப்பு, 'பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்' என்று அவன் கெஞ்சுவது. தவணை கேட்கிறான். ராஜா தவணைப் பேச்சையே எடுக்காமல் முழுக்கடனையும் தள்ளுபடி செய்கிறார். அந்த 10,000 தாலந்து ராஜாவின் கஜானாவிலிருந்து போனது போனதுதான்.

வெளியே வந்தவன் தனக்கு 100 தெனாரியம் தரவேண்டிய உடன் ஊழியக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். இதை 'அற்பத்தொகை' என்று பிரசங்கிப்பவர்கள் உண்டு. கூலிக்காரனுக்கு மூன்று மாத வருமானத்துக்கும் மேலானது எப்படி அற்பமாகும்? நமக்கு ஒருவர் செய்யும் கெடுதல் நிஜமாகவே வலிக்கும் என்பதை உவமை மறைக்கவில்லை. 6 லட்சத்தில் ஒரு பங்கு என்ற விகிதத்தைத்தான் காட்டுகிறது.

இந்த உவமையில் சிலுவை எங்கே என்று நீங்கள் கேட்கலாம். இல்லைதான். நஷ்டத்தைச் சுமப்பவர் யார் என்பது மட்டும் இதில் இருக்கிறது. சிலுவையை விளக்கும்போது கிறிஸ்தவர்கள் நழுவிவிடும் இடமும் அதுவே. பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் கதை ஒன்று உண்டு: நீதிபதி ஒருவர் குற்றவாளியை விடுவித்துவிட்டுத் தன் நிரபராதி மகனைத் தூக்கில் போடுகிறார். உருக்கமாகத்தான் இருக்கும். ஆனால் எந்த நீதிமன்றத்தில் அப்படி நடந்தாலும் அது அநீதி. கிறிஸ்தவக் கோட்பாட்டின்படியே இந்தக் கதை தவறு. கோபக்காரத் தகப்பன், நடுவில் மாட்டிக்கொண்ட மூன்றாம் ஆள் என்று பிரித்துவிட்டால், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்ற திரித்துவமே உடைந்துபோகிறது. தொடக்கச் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய அப்போஸ்தலர் பவுல் சொல்வது, தேவனே கிறிஸ்துவுக்குள் மனிதரைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்று (2 கொரிந்தியர் 5:19). கடன் கொடுத்தவரே நஷ்டத்தை ஏற்கிறார். அன்பில்லாத தேவனைச் சிலுவை அன்புள்ளவராக மாற்றியது என்று புதிய ஏற்பாட்டில் எங்கும் இல்லை. 'நாம் பாவிகளாயிருக்கையில்' கிறிஸ்து மரித்தார் என்கிறது ரோமர் 5:8. அன்பு முதலில், சிலுவை பிறகு.

சிலுவை எப்படிப் பலன் தருகிறது என்பதில் சபைகளுக்குள் ஒரே கருத்து இல்லை. தொடக்க நூற்றாண்டுகளில் பலருக்கு அது மரணத்தின்மீதும் பிசாசின்மீதும் பெற்ற வெற்றி. கிறிஸ்துவின் மரணம் மனிதரை மீட்கும் பணம் என்றால் அது பிசாசுக்கா செலுத்தப்பட்டது என்று 4ஆம் நூற்றாண்டிலேயே நசியான்சுஸ் கிரகோரியார் என்ற ஆயர் கோபமாகக் கேட்டிருக்கிறார். இதைப் பற்றிய நூலை 1098இல் முடித்த ஆன்செல்ம் என்ற இறையியலாளரின் வாதம் வேறு: தேவனுக்குரிய மகிமையை மனிதன் செலுத்தாமல் விட்டான், செலுத்தவேண்டியவன் மனிதன், செலுத்த முடிந்தவர் தேவன் மட்டுமே, எனவே இரண்டுமாக இருப்பவர் தேவை. கவனியுங்கள், ஆன்செல்மிடம் ஈடு என்பது தண்டனைக்கு மாற்று. தண்டனையையே கிறிஸ்து சுமந்தார் என்ற அழுத்தம் 16ஆம் நூற்றாண்டின் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதிகளிடம் வலுத்தது. அபேலார்ட் என்ற இறையியலாளரோ சிலுவையில் தெரியும் அன்பைக் கண்டு நம்முள் அன்பு மூள்வதை முன்வைத்தார். நைசேயா விசுவாச அறிக்கை 'நமக்காகவும் நம் மீட்புக்காகவும்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஆயர்கள் கூடிக் கோட்பாடுகளை வகுத்த முதல் ஏழு பொதுச்சங்கங்களும் இவற்றில் எந்த விளக்கத்தையும் கட்டாயமாக்கவில்லை. அது நல்லதாயிற்று என்பது என் எண்ணம்.

குழந்தை விஷயம் சீக்கிரம் சொல்லிவிடக்கூடியது. ஆதாம் கனி தின்ற ஆதியாகமம் 3ஆம் அதிகாரத்தில் 'பாவம்' என்ற சொல்லே கிடையாது. அது முதலில் வருவது காயீன் கதையில், 4:7இல். ஆதாமின் குற்றமே பரம்பரையாக இறங்குகிறது என்பதை வலுவாக நிறுவியவர் அகஸ்டின் என்ற ஆயர் (354–430). கிழக்கத்திய மரபுவழிச் சபைகள் அதை ஏற்பதில்லை. அவர்களுக்கு இறங்குவது மரணமும் பலவீனமும்தான், குற்றம் அல்ல. இன்றைய கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் ஜென்மப்பாவம் ஒரு நிலை, குழந்தை செய்த செயல் அல்ல என்று தெளிவாகவே சொல்கிறது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளும் மீட்கப்படுவார்கள் என நம்பக் காரணம் உண்டு என்று 2007இல் வத்திக்கானின் இறையியல் ஆணையம் ஆவணம் வெளியிட்டது. உங்களைத் தொந்தரவு செய்த கொடூரம் திருச்சபையையும் தொந்தரவு செய்திருக்கிறது.

இனி திங்கட்கிழமைக்கு வருவோம். பவுலுக்கே இந்தக் கேள்வி வந்துவிட்டது. கிருபை பெருகட்டும் என்று பாவத்திலேயே இருந்துவிடலாமா என்று தானே எழுப்பி, 'கூடாதே' என்கிறார் (ரோமர் 6). நடைமுறை விதிகள் அதைவிடக் கறாரானவை. குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் கத்தோலிக்கப் பாவசங்கீர்த்தனத்தில் மனஸ்தாபம் (செய்ததற்கு மனம் வருந்துதல்), பாவத்தை அறிக்கையிடுதல், பரிகாரம் என மூன்று வேண்டும். இனிச் செய்யமாட்டேன் என்ற தீர்மானம் மனஸ்தாபத்துக்குள்ளேயே அடக்கம். திங்கட்கிழமைக்குத் திட்டத்தோடு வந்தவருக்குக் குரு பாவமன்னிப்பு மொழிந்தாலும் அது செல்லாது. பலவீனத்தால் மறுபடி விழுபவர் விஷயம் அப்படியல்ல. அவர் எத்தனை முறையும் வரலாம். பழைய சபையில் நீண்ட பரிகாரம் முடிந்த பிறகுதான் ஒப்புரவு, அதாவது மன்னித்துச் சேர்த்துக்கொள்வது, கிடைத்தது. இன்று மன்னிப்பு முதலில், பரிகாரம் பிறகு. பரிகாரம் மன்னிப்பின் விலை அல்ல என்பது இந்த வரிசையிலேயே தெரிகிறது.

பறித்ததைத் திருப்பிக் கொடுக்காத மனந்திரும்புதலைப் பழைய ஏற்பாடு கணக்கிலேயே எடுக்காது. லேவியராகமம் 6இன்படி, ஏமாற்றியவன் எடுத்ததை முழுசாகவும் அதற்குமேல் ஐந்தில் ஒரு பங்கும் உரியவனிடம் கொடுக்கவேண்டும். ஆட்டுக்கடாவோடு ஆசாரியனிடம் போவது அதற்கு அடுத்தது. வரி வசூலித்த சகேயு சொத்தில் பாதியை ஏழைகளுக்கும், அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகவும் தருகிறேன் என்கிறான் (லூக்கா 19). நாலு மடங்கு என்பது ஆட்டைத் திருடி விற்றவனுக்கு யாத்திராகமம் 22 விதிப்பது. கேட்காமலே தன்னைத் திருடனாக எண்ணிக் கணக்குப் போட்டுக்கொண்டான். ஆனால் இயேசு அவன் வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்னது இதற்கெல்லாம் முன்பு.

வெறும் வருத்தத்துக்கும் மனந்திரும்புதலுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு, இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீஷன் யூதாஸைப் பாருங்கள். மனம் வெதும்பினான். குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று வாய்விட்டு ஒப்புக்கொண்டான். 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். மனஸ்தாபம், அறிக்கை, ஈடு மூன்றும் வந்துவிட்டன! ஆனால் போனது யாரிடம்? 'எங்களுக்கென்ன, அது உன்பாடு' என்று சொல்லக்கூடிய ஆசாரியரிடம் (மத்தேயு 27). காட்டிக்கொடுக்கப்பட்ட அதே இரவில், இயேசுவை அறியேன் என்று மூன்று முறை மறுதலித்த சீஷன் பேதுரு இந்த மூன்றையும் முறையாகச் செய்ததாக எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை. அழுதான், ஆனால் சீஷர்கள் கூட்டத்தை விட்டுப் போகவில்லை. மறுதலித்தது கரிநெருப்பின் பக்கத்தில் (யோவான் 18). யோவான் 21இல், உயிர்த்தெழுந்த இயேசுவின் முன் மறுபடி கரிநெருப்பு, மூன்று முறை கேள்வி. 'இனிமேல் செய்வாயா' என்று கேட்கவில்லை, 'என்னை நேசிக்கிறாயா' என்று கேட்கிறார். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வேலையும் கொடுக்கிறார்.

மீட்பு விசுவாசத்தாலா, கிரியையாலா (நற்செயலாலா) என்ற சண்டை, மன்னிப்பு முதலில், செயல் பிறகு என்ற இந்த வரிசையைப் பற்றியதுதான். 1547இல் கத்தோலிக்கரின் திரெந்துச் சங்கமும், மார்ட்டின் லூத்தரைப் பின்பற்றிய லூத்தரன்களும் எதிரெதிரே நின்றார்கள். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் இரு தரப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள்: தேவனால் ஏற்றுக்கொள்ளப்படுவது கிருபையால் மட்டுமே, நற்கிரியைகள் அதன் கனி. எல்லா வேறுபாடும் தீரவில்லை. ஆனால் பழைய கண்டனங்கள் இந்தப் போதனைக்குப் பொருந்தாது என்று ஒப்புக்கொண்டார்கள்.

வாசிக்க: லூக்கா 15ஐயும் மத்தேயு 18ஐயும் ஒரே அமர்வில் வாசியுங்கள். லூக்காவில் சொத்தைப் பாழாக்கிவிட்டுத் திரும்பும் இளைய மகனோடு நிறுத்திவிடாமல், விருந்துக்குள் வர மறுக்கும் மூத்தவன்வரை போங்கள். பிறகு 51ஆம் சங்கீதம். மாற்கு சுவிசேஷம் மொத்தமே 16 அதிகாரம்தான், ஒரே நாளில் முடிக்கலாம். ரோமர் நிருபத்தை 1 முதல் 8ஆம் அதிகாரம் வரை நிறுத்தாமல் வாசிக்கவேண்டும்; 'எல்லாரும் பாவஞ்செய்தார்கள்' என்ற 3:23இல் நின்றுவிட்டால் நோயறிக்கை மட்டுமே கிடைக்கும். எபிரெயர் நிருபத்தைத் தொடுமுன் லேவியராகமம் 16ஐப் படித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பலி பற்றிய பேச்சு எதுவும் பிடிபடாது. வெளிப்படுத்தலை இப்போதைக்கு விடுங்கள். நேரமே இல்லையென்றால் பிலேமோன், மொத்தம் 25 வசனம். ஓடிப்போன அடிமைக்காகப் பவுல் எழுதுகிறார், அவன் கடன்பட்டிருந்தால் என் கணக்கிலே வைத்துக்கொள்ளும் என்று. இவற்றை முடித்தபின் மறுபடி கேள்வி வந்தால் எழுதுங்கள்.