70 நாள் ஐரோப்பா, 12 இலட்சத்துக்குக் கமரா: வைப்பை உடைக்கலாமா?

கேள்வி:

நான் கொழும்பில் ஒரு தனியார் கம்பனியின் கணக்குப் பிரிவில் இருந்து சென்ற வருடம் ஓய்வுபெற்றேன். வயது 58. கணவருக்கு 63. அரச பாடசாலை ஆசிரியராக இருந்தவர், மாத ஓய்வூதியம் 75,000 ரூபா. வெள்ளவத்தையில் சொந்தத் தொடர்மாடி வீடு இருக்கிறது, கடன் எதுவும் இல்லை. எனக்குக் கிடைத்த சேமலாப நிதியோடு கையிலிருந்ததையும் சேர்த்து ஒரு கோடி ரூபாவை 8 சதவீதத்துக்கு நிலையான வைப்பில் போட்டு, மாதாமாதம் வட்டி எடுக்கிறோம். ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) காசு 12 இலட்சமும் சேமிப்பில் 16 இலட்சமும் தனியாக இருக்கின்றன. மாதச் செலவு மருந்தோடு சேர்த்து 135,000 வரை வரும்.

பாரிஸில் என் தம்பியும் சுவிஸ் பேர்னில் மச்சாளும் இருக்கிறார்கள். அவர்கள் வீடுகளில் 40 நாள் தங்கி, இடையில் உரோம், புளோரன்ஸ், வெனிஸ், வியன்னா, பிராக், பெர்லின், ஆம்ஸ்டர்டாம் என்று 30 நாள் சுற்ற ஆசை. கணவருக்குப் படம் எடுப்பதென்றால் உயிர். பழைய டிஎஸ்எல்ஆர் போதாது, மிரர்லெஸ் கமராவும் இரண்டு பெரிய லென்ஸும் வேண்டும் என்கிறார், 12 இலட்சம். "வைப்பில் பாதியை உடையுங்கள், வாழ்க்கையில் ஒருமுறைதானே" என்கிறாள் மகள். கமராவைக் கடனட்டையில் 24 மாதத் தவணைக்கு எடுக்கலாம் என்கிறான் மகன். என்ன செய்யலாம்?

பதில்:

போய் வாருங்கள் சகோதரி. அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. முழங்கால் ஒத்துழைக்கிற வயதில் போவதுதான் சரி. ஆனால் அந்த ஒரு கோடியைத் தொடவேண்டாம், தவணைக்குக் கமராவும் வேண்டாம். ஊர்களைக் குறையுங்கள். ஊர் குறைந்தால் காசும் மிஞ்சும், உங்கள் கணவருக்கு நல்ல படங்களும் கிடைக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் நீங்கள் எழுதிய பயணத்துக்கு என்ன முடியும் என்று பார்ப்போம். ஒரு யூரோ 350 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஹோட்டல் ஓர் இரவுக்கு 120 யூரோ, இருவருக்கும் சாப்பாடும் உள்ளூர்ப் போக்குவரத்தும் நாளுக்கு 80 யூரோ என்றால் 30 நாளுக்கு 6,000 யூரோ. ஏழு ஊருக்கும் ரயில், விமானம் என்று 1,200. சொந்தக்காரர் வீட்டில் இருந்தாலும் கையை வீசிக்கொண்டு இருக்க முடியாது. கடைச் சாமானுக்கும் பஸ்ஸுக்கும் நாளுக்கு 30 யூரோ வைத்தால் 40 நாளுக்கு 1,200. நுழைவுச் சீட்டுகளுக்கு 600. மொத்தம் 9,000 யூரோ, அதாவது 31.5 இலட்சம். இருவருக்கும் விமான டிக்கெட்டை 6 இலட்சம் என்றும், விசாவையும் காப்புறுதியையும் 1.5 இலட்சம் என்றும் போட்டால் 39 இலட்சம். கமராவோடு 51 இலட்சம்.

இந்த 51 இலட்சத்தையும் வைப்பிலிருந்து எடுத்தால், மாதம் சுமார் 66,600 ரூபாவாக வருகிற வட்டி 32,600 ஆகிவிடும். ஓய்வூதியத்தோடு சேர்த்தாலும் 108,000 கூட வராது. உங்கள் செலவோ 135,000. பயணம் முடிந்து வந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் 27,000 ரூபா பள்ளம். அதை நிரப்ப மறுபடி வைப்பைத்தான் உடைப்பீர்கள், அப்புறம் வட்டி இன்னும் இறங்கும். மகள் பாசத்தில் சொல்கிறாள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் 58 வயதில் இருக்கிற ஒருவர் இன்னும் 30 வருடத்துக்குத் திட்டம் போட வேண்டும்.

மகன் சொன்ன தவணையும் இதே கதைதான். 12 இலட்சத்தை 24 மாதத்துக்குப் பிரித்தால், வட்டி இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், மாதம் 50,000. இப்போது உங்களுக்கு மாத முடிவில் மிஞ்சுவது 6,000, 7,000 ரூபாதான்.

அந்த 6,000 உண்மையில் மிஞ்சுகிறதா என்றும் பாருங்கள். 2025 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து வைப்பு வட்டியில் வங்கி பிடிக்கிற வரி 5 சதவீதத்திலிருந்து 10 ஆகிவிட்டது. அதேநேரம் வருடம் 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்கு வரி இல்லை. உங்கள் பெயரில் வருகிற வட்டி வருடம் 8 இலட்சம்தான். வேறு வருமானம் இல்லாவிட்டால், அந்த எல்லைக்குள் இருக்கிறேன் என்ற சுயபிரகடனப் படிவத்தை நிரப்பி வங்கியில் கொடுத்தால் வரியைப் பிடிக்க மாட்டார்கள். இன்னும் கொடுக்கவில்லை என்றால் இந்த வாரமே கொடுங்கள். வருடத்துக்கு 80,000 ரூபா விஷயம் இது.

சரி, பயணத்துக்கு எவ்வளவு எடுக்கலாம்? வைப்புக்கு வெளியே 28 இலட்சம் இருக்கிறது. அதில் 5 இலட்சம் அவசரத்துக்கு அப்படியே கிடக்கட்டும். திரும்பி வந்த அடுத்த வாரம் யாருக்காவது கண் சத்திரசிகிச்சை என்றால் அதற்குக் கையில் காசு வேண்டும். மிச்சம் 23 இலட்சம். அதுதான் எல்லை.

23 இலட்சத்துக்குள் அழகான பயணம் ஒன்று இருக்கிறது. 42 நாள், நாலே நாலு இடம்: பாரிஸில் தம்பி வீட்டில் 16 இரவு, பேர்னில் மச்சாள் வீட்டில் 14, வெனிஸில் 5, உரோமில் 7. ஹோட்டல் இரவுகள் 30இலிருந்து 12 ஆகின்றன. அந்த 12 நாளுக்கு 2,400 யூரோ, ரயிலுக்கு 400, வீடுகளில் 900, நுழைவுச் சீட்டுகளுக்கு 300. மொத்தம் 4,000 யூரோ, 14 இலட்சம் ரூபா. டிக்கெட், விசா, காப்புறுதி சேர்த்து 21.5. டிக்கெட் எடுக்கும்போது பாரிஸில் இறங்கி உரோமில் ஏறுகிற மாதிரிக் கேளுங்கள். போய்வரும் டிக்கெட்டின் விலைக்குக் கிட்டவே பெரும்பாலும் கிடைக்கும். உரோமிலிருந்து மறுபடி பாரிஸுக்கு வரும் செலவும் ஒரு நாளும் மிச்சம்.

நான் ஊர்களை வெட்டியதைக் கணவர் விரும்ப மாட்டார். அவரிடம் இதைச் சொல்லுங்கள்: ஊர் மாறுகிற நாளில் ஒரு படமும் எடுக்க முடியாது. காலையில் பெட்டி கட்டுவது, ரயில், புது ஹோட்டல், அறை பிற்பகல் வரை தரமாட்டார்கள், அதுவரை சாமானைக் காத்துக்கொண்டு இருப்பது. ஏழு ஊர் என்றால் அப்படி ஏழு நாள் போகிறது, ஒவ்வொன்றுக்கும் முழு நாள் செலவு. நான்கு நாள் மட்டும் இருக்கிற ஊரில் இரண்டு நாள் மழை பெய்தால், 1,000 யூரோவுக்குக் கிட்டச் செலவழித்து, இணையத்தில் கிடைக்கிற படத்தைவிட மோசமான படத்தோடு திரும்ப வேண்டும். வெனிஸில் 5 இரவு இருந்தால், பகலில் வந்து போகிற கூட்டம் மாலையில் கலைந்த பிறகும், காலை 6 மணிக்கும் கால்வாய் ஓரம் உங்களுக்கே கிடைக்கும். அந்த இரண்டு நேரமும் காசு கேட்காது. அங்கே படகு பஸ்ஸுக்கு ஒரு சீட்டு 9.50 யூரோ, தனித்தனியாக எடுக்காமல் நாட்கணக்கு அட்டை எடுங்கள், மிச்சத்துக்கு நடங்கள்.

பேர்னும் அப்படித்தான். ரயிலில் ஏறிப் போகிற யுங்ஃப்ராவ்யோக் மலை நிலையம், 3,454 மீற்றர் உயரம், சலுகை இல்லாமல் சீட்டு ஒருவருக்கு 200 பிராங்குக்கு மேல் போகும். சுற்றுலாப் பொதியில் வருகிறவர்கள் மேகம் மூடியிருந்தாலும் அன்றைக்குத்தான் ஏற வேண்டும். நீங்கள் மச்சாள் வீட்டில் 14 நாள் இருக்கிறீர்கள். காலையில் மலையின் நேரலைக் கமராவை போனில் பார்த்து, வானம் வெளுத்த நாளில் சீட்டு எடுக்கலாம். சுவிஸில் ஒரு மாதத்துக்கான பாதிக் கட்டண அட்டை உண்டு. ஒரு வீட்டில் இருந்துகொண்டு சில நாள் மட்டும் வெளியே போகிறவர்களுக்கு முழுப் பயண அட்டையைவிட அது பெரும்பாலும் இலாபம். மற்ற நாட்களில் ரோஸன்கார்ட்டன் மேட்டில் இருந்து பார்த்தால் ஆர ஆறு வளைத்துப் போகிற பழைய நகரம் முழுவதும் கீழே தெரியும். சதமும் கிடையாது.

போகிற மாதம் செப்டம்பராக இருக்கட்டும், முதல் வாரமே இறங்குங்கள். எல்லோரும் ஓகஸ்ட்டில் போவது பிள்ளைகளின் விடுமுறைக்காக. உங்கள் இருவருக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. ஓகஸ்ட் தாண்டினால் டிக்கெட் விலை பொதுவாக இறங்கும். ஜூனில் பாரிஸில் சூரியன் மறைய இரவு 10 மணி ஆகும், மாலை வெளிச்சத்தில் படம் எடுத்துவிட்டுப் புறநகரில் தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர நள்ளிரவாகும். செப்டம்பர் நடுவில் 8 மணிக்கே மறைந்துவிடும், இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். மாதத்தின் முதல் ஞாயிறு ஓர்சே அருங்காட்சியகம் இலவசம், முன்கூட்டிப் பதிய வேண்டும்.

இனி கமரா. 12 இலட்சம் என்பது உங்கள் புதுப் பயணத்தின் பாதிக்கும் மேல். கணவரின் பழைய கமராவில் எத்தனை மெகாபிக்சல் என்று பாருங்கள். பத்து வருடப் பழையது என்றாலும் 24 இருக்கக்கூடும். ஏ3 அளவில் கூர்மையாக அச்சிடச் சுமார் 17 போதும். வீட்டுச் சுவரில் மாட்டுகிற படத்துக்கு அது தாராளம். அவருக்குக் குறைவது வெளிச்சம் இறங்கிய பிறகும் படம் பிடிக்கிற லென்ஸ். தேவாலயங்களிலும் அருங்காட்சியகங்களிலும் ஃபிளாஷுக்கும் முக்காலிக்கும் பெரும்பாலும் தடை. சிஸ்டைன் சிற்றாலயத்தில் படமே எடுக்க விடமாட்டார்கள், அங்கே 12 இலட்சக் கமராவும் பைக்குள்தான். அதனால் 35 மில்லிமீற்றர், எஃப் 1.8 லென்ஸ் ஒன்று, புது பற்றரி இரண்டு, மெமரி கார்ட், படங்களைப் பிரதி எடுக்க ஒரு ஹார்ட் டிஸ்க். பாவித்த லென்ஸும் பரவாயில்லை. இதற்கெல்லாம் சேர்த்து ஒரு இலட்சம் ஒதுக்குங்கள்.

மனம் ஆறாவிட்டால் அந்தப் பெரிய கமராவையும் லென்ஸையும் கொழும்பில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, தோளில் போட்டுக்கொண்டு வெள்ளவத்தையிலிருந்து காலிமுகத்திடல் வரை கடற்கரைப் பக்கமாக நடந்து பார்க்கச் சொல்லுங்கள். 63 வயதில் அந்தப் பாரத்தை 42 நாள் சுமக்க முடியுமா என்பதற்கு அன்று மாலையே விடை தெரியும்.

பிரான்சில் வாங்கினால் வரியைத் திருப்பித் தருவார்களே என்று யாராவது சொல்வார்கள். தருவார்கள், ஆனால் 20 சதவீதமும் கைக்கு வராது, சுங்க முத்திரை வேண்டும், நடுவில் சுவிஸ் போய் மறுபடி இத்தாலிக்குள் நுழைகிற உங்கள் பாதையில் அது சிக்கல். கட்டுநாயக்கவில் வேறு வரி கேட்கலாம். விட்டுவிடுங்கள்.

விசா பற்றி ஒரு முக்கியமான விஷயம். கணக்கில் காசு காட்டுவதற்காக யாரிடமாவது கைமாற்று வாங்கிப் போடாதீர்கள். திடீரென்று பத்து இலட்சம் ஏறி நிற்கிற கணக்கைப் பார்த்தால்தான் சந்தேகமே வரும். உங்களிடம் இருப்பதே போதும்: வைப்புச் சான்றிதழ், ஓய்வூதியக் கடிதம், மாதாமாதம் வட்டி ஏறுகிற கணக்குக் கூற்று. இந்த மூன்று நாட்டுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் ஒருவருக்கு 90 யூரோ, நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறு. ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கூடுதல் நாள் பிரான்சில் என்பதால் அந்த நாட்டுக்கே விண்ணப்பிக்க வேண்டும். தம்பி தன் நகரசபையில் எடுக்கிற தங்குமிடப் பத்திரத்தை இப்போதே கேட்டு வைக்கச் சொல்லுங்கள், அதற்கு நாள் எடுக்கும்.

காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விசா விதி. மலிவானதை எடுத்து விசாவை வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். மருந்துச் செலவு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பிரஷரோ சீனி வருத்தமோ இருந்தால் அதை மறைக்காமல் எழுதிக் கொடுத்து, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் பாதுகாப்பு உண்டா என்ற வரியைத் தேடி வாசியுங்கள். அதே பத்திரத்தில் தொலைந்த பொருளுக்கு, ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்று ஓர் உச்ச எல்லை இருக்கும். விலை கூடிய கமராவுக்கு அது பெரும்பாலும் போதாது.

யூரோவை ஒரே நாளில் வாங்காதீர்கள். 2022 மார்ச்சில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதை நாம் எல்லோரும் அனுபவித்தோம். டிக்கெட், ஹோட்டல், ரயில் என்று முன்கூட்டிக் கட்டக்கூடியதை விசா கிடைத்ததும் கட்டிவிடுங்கள். விசாவுக்குக் காட்டுகிற முன்பதிவு காசு திரும்பப் பெறக்கூடியதாக இருக்கட்டும். கைக்காசை வங்கியிலோ அனுமதி பெற்ற நாணய மாற்று நிலையத்திலோ இரண்டு மூன்று தடவையாக வாங்கிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். கடனட்டையை வெளிநாட்டில் தேய்த்தால் வங்கியின் மாற்றுக் கட்டணமும் முத்திரை வரியும் ஏறும், போகுமுன் அந்த வீதத்தைக் கேளுங்கள். கடையில் இயந்திரம் ரூபாவிலா யூரோவிலா என்று கேட்டால் எப்போதும் யூரோவை அழுத்துங்கள். ரூபாவை அழுத்தினால் அவர்கள் போடுகிற விலையில் மாற்றிவிடுவார்கள்.

இந்தக் கணக்கெல்லாம் யூரோ 350 என்ற எண்ணத்தில் போட்டது. நீங்கள் கிளம்புமுன் அது 400 ஆகிவிட்டால் 4,000 யூரோவுக்கு 16 இலட்சம் வேண்டும், 2 இலட்சம் கூடி அந்த 23 இலட்ச எல்லையைத் தாண்டிவிடும். அப்படி நடந்தால் வெனிஸை விட்டுவிட்டு பேர்னிலிருந்து நேரே உரோமுக்குப் போங்கள். அந்த 5 நாளில் 1,000 யூரோ மிச்சமாகும், வைப்பும் அந்த 5 இலட்சமும் இருந்த இடத்திலேயே இருக்கும்.