மே மாத விடுமுறையில் தான்சானியா சஃபாரியும் சான்சிபார் கடற்கரையும் போகலாமா? எப்படித் திட்டமிடுவது?

மே மாதப் பள்ளி விடுமுறையில் பத்து நாள், நீங்கள் இருவர், பத்து வயது மகள், அறுபதைத் தாண்டிய பெற்றோர். வசதியான சஃபாரி, முடிவில் சில நாள் கடற்கரை. ஆப்பிரிக்காவில் இதற்கு எந்த இடம் சரி என்று கேட்டிருக்கிறீர்கள். தார் எஸ் சலாமில் வேலை பார்த்த காலத்தில் ஊரிலிருந்து வந்த உறவினர்கள் பலருக்கு இதே மாதிரிப் பயணத்தை ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தான்சானியா சரியான தேர்வு, மே மாதம் வேண்டாம்.

மார்ச் நடுவிலிருந்து மே வரை அங்கே பெருமழைக் காலம். மசிகா என்பார்கள். சஃபாரிக்குப் பேர்போன செரெங்கெட்டி தேசியப் பூங்காவில் பல பகுதிகள் நம் கோவில்பட்டிப் பக்கம் போலக் கரிசல் மண். மழை பெய்தால் வண்டி புதைந்துவிடும். புல் இடுப்பளவு வளர்ந்திருக்கும், சிங்கம் பத்தடியில் படுத்திருந்தாலும் தெரியாது. சான்சிபார் தீவிலும் அதே மாதங்களில்தான் மழை அதிகம். காட்டுக்குள் தங்கும் சஃபாரி முகாம்கள் பல ஏப்ரல், மேயில் மூடியே இருக்கும். திறந்திருப்பவை பசுமைப் பருவச் சலுகை என்று பாதி விலை சொல்லும். ஏற்கெனவே ஓரிரு முறை போய்வந்தவர்களுக்கு அது நல்ல பேரம். பெற்றோரைக் கூட்டிக்கொண்டு, வாழ்க்கையில் ஒரு முறை என்று போகிறவர்களுக்கு அது வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்வேன்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குக் காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் வருகிறது. மகளுக்கு நாலைந்து நாள் கூடுதலாக விடுப்பு சொன்னால் பத்து நாள் தேறிவிடும். அப்போது அங்கே வறண்ட காலத்தின் கடைசிப் பகுதி. புல் தேய்ந்து, குட்டைகள் வற்றி, மிருகங்களெல்லாம் ஆற்றங்கரைகளில் கூடியிருக்கும். சான்சிபாரிலும் வெயில் இதமாக இருக்கும்.

மாதத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், செரெங்கெட்டி ஒரே இடம் போலப் பெயர் இருந்தாலும் கிட்டத்தட்ட 14,750 சதுர கிலோமீட்டர் பரப்பு. சுமார் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் என்ற பெரிய மான்களும், லட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் மழையைத் தேடி ஆண்டு முழுக்க அதற்குள்ளும் அதை ஒட்டிய பகுதிகளிலும் பெரிய வட்டமாகச் சுற்றிவருகின்றன. டிசம்பரிலிருந்து மார்ச் வரை தெற்கே, இந்தூத்து பக்கம் குட்டைப் புல்வெளியில் இருக்கும். ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரியிலும் அங்கே ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான கன்றுகள் பிறக்கும். பிறந்த சில நிமிடங்களில் எழுந்து தாயோடு ஓடத் தொடங்கும், சிங்கமும் கழுதைப்புலியும் சிவிங்கிப்புலியும் பக்கத்திலேயே காத்திருக்கும். ஏப்ரல், மேயில் கூட்டம் நடுப்பகுதி வழியாக வடமேற்கே நகரும். ஜூன் வாக்கில் கிருமெட்டி ஆறு. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை வடக்கு எல்லையில் மாரா ஆறு. முதலைகளுக்கு நடுவே ஆற்றைக் கடக்கும் காட்சியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள், அது இங்கேதான். நவம்பரில் சின்ன மழை தொடங்கியதும் மறுபடி தெற்கே இறங்கும். மழை முன்னே பின்னே ஆனால் இதுவும் மாறும். ஆற்றைக் கடக்கும் நாளை யாரும் உறுதி சொல்ல முடியாது, அப்படிச் சொல்லும் ஏஜெண்டை நம்பவே வேண்டாம்.

இதிலிருந்துதான் பணத்தை எங்கே போடுவது என்பது தீர்மானமாகிறது. சொகுசு முகாம் என்று தேடினால் குளியல்தொட்டியும் நீச்சல்குளமும் உள்ள படங்கள் முதலில் வரும். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது முகாம் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்பதை. செப்டம்பரில் நடுச் செரெங்கெட்டியின் செரோனேராவில் அரண்மனை போல ஒரு லாட்ஜ் எடுத்தாலும், மாரா ஆற்றுக்குப் போக மூன்று, நான்கு மணி நேரம் குலுங்கிக்கொண்டே ஓட வேண்டும். போனதும் திரும்ப வேண்டியதுதான். மாரா ஆற்றை ஒட்டிய கொகடெண்டே பக்கம் ஒரு கூடார முகாமில் தங்கினால், ஆற்றங்கரையில் கூட்டம் திரள்கிறது என்று வயர்லெஸ்ஸில் செய்தி வந்த கொஞ்ச நேரத்தில் அங்கே நிற்கலாம். கூடாரம் என்றதும் பயப்பட வேண்டாம். உள்ளே முழுக் கட்டில், மெத்தை, தனிக் கழிப்பறை, வெந்நீர் எல்லாம் இருக்கும். மிருகக் கூட்டத்தோடு பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் நடமாடும் முகாம்களில் கேட்ட நேரத்தில் வாளியில் வெந்நீர் ஏற்றித் தருவார்கள், அப்பாவுக்கு நிச்சயம் பிடிக்கும்.

இங்கொரொங்கொரோவிலும் இதே கணக்குதான். அது பழைய எரிமலை உள்ளே சரிந்து உண்டான கிண்ணம். அடித்தளம் 260 சதுர கிலோமீட்டர், சுவர் 600 மீட்டர் உயரம். கருப்புக் காண்டாமிருகத்தை நல்ல வாய்ப்போடு பார்க்கக் கிடைக்கும் இடம். கீழே இறங்கும் வழி காலை ஆறு மணிக்குத் திறக்கும். கிண்ணத்துக்கு வெளியே கராட்டு என்ற ஊரில் தங்கினால் வாயிலைத் தாண்டி மேலே ஏறிவந்து இறங்குவதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். கிண்ணத்தின் விளிம்பிலேயே தங்கினால் முதல் வண்டிகளில் ஒன்றாக இறங்கலாம். விளிம்பு விடுதிகளுக்கு விலை கூடுதல்தான், ஆனால் கொடுக்கலாம். ஸ்வெட்டர் மறக்க வேண்டாம். அங்கே உயரம் 2,200 மீட்டருக்கு மேல், ராத்திரியில் ஊட்டிக் குளிர்.

சரி, பத்து நாள் என்றால் ஒன்பது இரவு. நான் பிரிப்பது இப்படி: கிளிமஞ்சாரோ விமான நிலையத்தில் இறங்கி அருஷாவில் ஒரு இரவு. மறுநாள் பெரும்பாலும் நல்ல தார்ச் சாலையில் இங்கொரொங்கொரோ, அங்கே இரண்டு இரவு. பிறகு மன்யாரா ஓடுதளத்திலிருந்து சின்ன விமானத்தில் கொகடெண்டே, மூன்று இரவு. அங்கிருந்து விமானத்திலேயே சான்சிபார், மூன்று இரவு. கிண்ணத்திலிருந்து வடக்கு செரெங்கெட்டிக்கு வண்டியிலும் போகலாம். ஆனால் அது நாள் முழுக்க மண் சாலை, அறுபதைத் தாண்டிய முதுகுகளுக்கு ஆகாது. இன்னும் இரண்டு நாள் கிடைத்தால் தராங்கிரே பூங்காவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வறண்ட காலத்தில் அங்கே ஆற்றங்கரையில் யானைகள் குடும்பம் குடும்பமாக வரும், சுற்றிலும் பாவோபாப் மரங்கள். மன்னாரில் நிற்கிறதே பெருக்க மரம், அதே மரம்தான். நாள் கூடவில்லையென்றால் தராங்கிரேயை விட்டுவிடுங்கள். நாலு பூங்காவில் ஒவ்வொரு இரவு என்று போட்டுத்தரும் திட்டங்களில் பாதி நேரம் பெட்டி கட்டுவதிலேயே போய்விடும்.

விமானத்தில் போனால் வண்டியும் வழிகாட்டியும் அந்தந்த முகாமுடையது. ஐந்து பேர் இருக்கிறீர்கள். எனவே தனி வண்டி வேண்டும் என்று முன்பதிவிலேயே எழுதி வாங்குங்கள். மற்ற விருந்தினர்களோடு பகிர்ந்தால், ஒரு சிறுத்தை மரத்தை விட்டு இறங்கும் வரை இரண்டு மணி நேரம் காத்திருக்க உங்களுக்கு ஆசையிருந்தும் அவர்கள் காலைச் சாப்பாட்டுக்குத் திரும்ப அவசரப்படலாம். தனி வண்டியாக இருந்தால் அம்மா களைத்துப்போன அன்று சீக்கிரம் திரும்பவும் முடியும்.

மகளின் வயதைக் கட்டாயம் முதலிலேயே சொல்லுங்கள். சில முகாம்கள் சின்னக் குழந்தைகளைச் சேர்ப்பதில்லை. பத்து வயதுக்குப் பெரும்பாலும் இடம் உண்டு, நடைச் சஃபாரிக்கு மட்டும் விட மாட்டார்கள். முகாம்களுக்கு வேலி கிடையாது. இருட்டிய பிறகு கூடாரத்திலிருந்து சாப்பாட்டு இடத்துக்குக் காவலாள் விளக்கோடு வந்து கூட்டிப்போவார், அஸ்காரி என்பார்கள். பெற்றோரிடம் இதை ஊரிலேயே விளக்கிவிடுங்கள். ராத்திரி சிங்கத்தின் குரல் கேட்டால் பதற மாட்டார்கள். கூடாரத்தைச் சாப்பாட்டு இடத்துக்குப் பக்கத்தில் கேட்டு வாங்கலாம். பலூன் பயணம் ஒருவருக்குச் சுமார் 600 டாலர். இறங்கும்போது கூடை சாய்வதுண்டு, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேண்டாம். கருப்பும் கருநீலமும் உடுத்த வேண்டாம், கடிக்கும் செட்சி ஈக்கள் அந்த நிறங்களைத் தேடி வரும். சைவச் சாப்பாடு பிரச்சினையே இல்லை. தான்சானியாவில் குஜராத்திகள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள், முகாம் சமையல்காரர்களுக்கு நம் பழக்கம் தெரியும். பதிவு செய்யும்போதே சொன்னால் போதும்.

கடற்கரையைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், சஃபாரியில் தினமும் விடியுமுன் எழுந்து புழுதியில் அலைவதுதான். அதற்குப் பிறகு கடல் கிடைத்தால்தான் உடம்பு தேறும். சான்சிபாரில் எந்தக் கரை என்பது முக்கியம். கிழக்குக் கரையில் பாஜே, ஜம்பியானி பக்கம் கடல் உள்வாங்கினால் பல நூறு மீட்டர் போய்விடும், குளிக்கத் தண்ணீர் இருக்காது. அந்த நேரத்தில் பெண்கள் கடற்பாசித் தோட்டங்களில் வேலை செய்வதைப் பார்க்கலாம், நடக்க அருமையான இடம். எந்த நேரமும் நீந்த வேண்டும் என்றால் வடக்கே நுங்வி, கெண்ட்வா. சின்னப் பெண் இருக்கிறாள் என்பதால் உங்களுக்கு நான் கெண்ட்வா சொல்வேன்.

ஒரு இரவையாவது சான்சிபாரின் பழைய நகரமான ஸ்டோன் டவுனில் கழியுங்கள். 2000-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர். செதுக்கிய கதவுகளில் பித்தளைக் குமிழ் பதித்திருப்பது அந்தக் கால இந்திய வணிகர்கள் கொண்டுவந்த பழக்கம். 1873-இல் மூடப்பட்ட அடிமைச் சந்தை இருந்த இடத்தில் இப்போது ஒரு தேவாலயம் நிற்கிறது. அதைப் பார்க்காமல் வந்துவிட வேண்டாம், மகளுக்கும் காட்டுங்கள். சாயங்காலம் ஃபொரொதானி தோட்டத்தில் உரோஜோ சாப்பிடுங்கள். மாங்காய்ப் புளிப்புள்ள கெட்டிக் குழம்பில் பஜ்ஜியும் உருளைக்கிழங்கும் மிதக்கும். முஸ்லிம்கள் வாழும் ஊர், தோளும் முழங்காலும் மூடிய உடை மரியாதை.

பெட்டி விஷயம் கறார். சின்ன விமானங்களில் ஒருவருக்குக் கைப்பையோடு சேர்த்துப் பொதுவாக 15 கிலோதான், அதுவும் மடங்கக்கூடிய துணிப் பையாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கேரி பைகளுக்கு 2019 ஜூன் முதல் தடை. சான்சிபாருக்கு 2024 அக்டோபர் முதல் அவர்களுடைய கட்டாயக் காப்பீடு 44 டாலர், இணையத்திலேயே எடுக்கலாம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றிப் பெற்றோருக்காகத் தனியாகச் சொல்ல வேண்டும். நைரோபி, அடிஸ் அபாபா வழியாக டிக்கெட் எடுத்தால் தான்சானியாவிலும், திரும்பும்போது நம் விமான நிலையத்திலும் அட்டை கேட்கலாம். இல்லாதவர்களை இங்கே ஆறு நாள் வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது. ஊசி போட்டுப் பத்து நாளான பிறகே சான்றிதழ் செல்லும். அறுபது வயதுக்கு மேல் இந்த ஊசியில் ஆபத்தான பக்கவிளைவுக்கு வாய்ப்பு கூடுகிறது. எனவே டிக்கெட் எடுக்கும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிட்டு, அதற்கேற்ப வழியைத் தேர்ந்தெடுங்கள். மலேரியா மாத்திரையையும் அன்றே கேட்டுக்கொள்ளலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போடுகிறார்கள்.

மேயைத் தவிர வேறு வழியே இல்லை என்றால் தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். அங்கே வறண்ட காலம் தொடங்கும் நேரம். குரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய சாபி சாண்ட் தனியார் காப்பகம், பிறகு மொரீஷியஸ் கடற்கரை. மலேரியா பயம் இருந்தால், மலேரியா இல்லாத மடிக்வே காப்பகம்.

செலவைப் பொறுத்தவரை, நல்ல முகாம்கள் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 600 டாலரில் தொடங்கி 1,500, 2,000 வரை போகும். விலைப்பட்டியலில் பூங்காக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். செரெங்கெட்டிக்குப் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 70 முதல் 83 டாலர் வரை ஆகும், கிண்ணத்தில் இறங்க வண்டிக்குத் தனியாகக் கிட்டத்தட்ட 300. வழிகாட்டிக்கான அன்பளிப்பு இதில் சேராது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 டாலர் தாராளமாகக் கொடுங்கள், அந்த உழைப்புக்கு அது தகும். மாரா ஆற்றங்கரை முகாம்கள் சிறியவை, ஒரு வருடம் முன்பே நிரம்பிவிடுகின்றன. அவற்றில் இடம் பிடித்த பிறகு உள்நாட்டு விமானம், கடைசியாக சான்சிபார் ஓட்டல் என்று இந்த வரிசையில் பதிவு செய்யுங்கள். இந்த வருடக் காலாண்டு விடுமுறைக்கு இடம் இல்லை என்றால் அடுத்த வருடத்துக்கு இப்போதே கேளுங்கள்.