மூளையைக் கேட்கலாம்: சேலத்துக் கேள்விகள்

பதிலளிப்பவர், சேலத்தில் கல்லூரி மாணவர்களுக்கு உயிரியல் உளவியல் நடத்துபவர்.

அஸ்தம்பட்டி, பிளஸ் டூ மாணவி: சார், உளவியலில் சேர்ந்தாலும் நரம்பு, மூளை என்று படித்தே ஆக வேண்டுமா?

ஆமாம், தப்பிக்க வழியில்லை. கோபமோ பசியோ நரம்பணுக்கள் இல்லாமல் நடப்பதில்லை. ஒரு நரம்பணுவுக்குள், அதாவது நரம்புச் செல்லுக்குள், செய்தி மின்சாரமாக ஓடும். அடுத்த நரம்பணுவுக்குப் பெரும்பாலும் வேதிப்பொருளாகத் தாவும். 1921இல் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டித் துடிப்பைக் குறைத்தார். அந்த இதயத்திலிருந்த திரவத்தை வேறொரு தவளை இதயத்தில் விட்டதும் அதுவும் மெதுவானது. இரண்டாவதன் நரம்பை அவர் தூண்டவே இல்லை; திரவத்திலிருந்த வேதிப்பொருள்தான் செய்தியைக் கொண்டுபோனது. இந்தச் சோதனை புரிந்தால் மிரள வேண்டியதில்லை.

ஏற்காடு, காபித் தோட்டத்துக்காரர்: மாலை ஆறு மணிக் காபி இரவுத் தூக்கத்தைக் கெடுக்குமா?

கெடுக்கும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கிறது. காபியின் கஃபீன், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பவரைப்போல, நரம்பணுக்களில் அடினோசின் அமர வேண்டிய இருக்கைகளான ஏற்பிகளைப் பிடித்துக்கொள்கிறது. புதிய சக்தி எதுவும் வருவதில்லை. களைப்பு தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். பலருக்கும் சுமார் 5 மணி நேரம் கழித்தும் பாதிக் கஃபீன் உடலில் இருக்கும். உங்கள் தோட்டத்துக் காபியானாலும் கணக்கு இதுதான்.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை: தாத்தாவுக்குப் பேரன் பெயரே மறந்துவிடுகிறது. ஆனால் கொலுசு வளையங்களைப் பிசகில்லாமல் கோக்கிறார். நடிக்கிறாரோ என்று வீட்டில் பேசுகிறார்கள்.

அந்தப் பேச்சை இன்றே நிறுத்துங்கள். நினைவு ஒரே வகை அல்ல. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு, வலிப்புக்கான அறுவை சிகிச்சையில் புதிய நினைவுகளைப் பதிக்கும் மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை இருபக்கமும் அகற்றினார்கள். அதன்பின் புதிய நிகழ்ச்சிகள் அவர் மனதில் தங்கவில்லை. ஆனால் உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னபோது, நாளுக்கு நாள் கை தேறியது. இதற்குமுன் வரைந்த ஞாபகம் மட்டும் அவருக்கு இல்லை. கைப்பழக்கம் மூளையின் வேறு பகுதிகளான அடித்தள முடிச்சுகள், சிறுமூளை ஆகியவற்றைப் பெரிதும் சார்ந்தது. அதனால் பெயர் மறந்த பிறகும் தொழில் கையில் தங்கலாம்.

வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு குறைபாடு, பி12 குறைபாடு போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்களாலும் மறதி வரும். வளையம் கோக்கட்டும், பற்றவைக்கும் நெருப்பருகே தனியாக விடாதீர்கள்.

ஓமலூர்: மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோமாமே?

பொய். உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்விலும் ஏறத்தாழ 20 சதவீத ஆற்றலைச் செலவிடுகிறது. சும்மா கிடக்கும் உறுப்புக்கு இவ்வளவு தீனி எதற்கு?

அழகாபுரம், ஒரு தாய்: ஏற்காடு பஸ்ஸில் மகன் வாந்தி எடுக்கிறான். ஓட்டுநருக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லையே?

இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும், அசைவை உணரும் உட்காது ‘திரும்புகிறோம்’ என்கிறது. கைப்பேசியில் பதிந்த கண் ‘அசையவில்லை’ என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலைக் கிளப்புகிறது. ஓட்டுநர் வளைவை முன்னதாகவே எதிர்பார்க்கிறார். மகனை முன் இருக்கையில் உட்காரவைத்து, கைப்பேசியை வாங்கிக்கொண்டு, சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். எலுமிச்சம்பழம் முகர்வதை நான் தடுக்கமாட்டேன்.