ஷிப்ட் குறைந்த வீட்டில் செமஸ்டர் கட்டணம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் கலை அறிவியல் கல்லூரியில் பாதிப் பேர் பனியன் கம்பெனித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். 2025 ஆகஸ்ட்டில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதிலிருந்து கட்டண பாக்கி ஏறுகிறது. உதவி கேட்பவர்களின் வருமானச் சான்றில் பழைய தொகைதான் இருக்கிறது. யாருக்கு, எவ்வளவு கொடுப்பது?
— கல்லூரிச் செயலர், திருப்பூர் மாவட்டம்

பதில்: வட்டாட்சியர் தரும் சான்று ஓராண்டு செல்லும், போன மாதம் குறைந்த கூலி அதில் ஏறியிருக்காது. அரசு உதவித்தொகைக்கு அது வேண்டும். உங்கள் சொந்த நிதிக்கு அதை அளவுகோலாக வைக்காதீர்கள்.

பனியன் தொழிலில் வேலை ஒரேயடியாகப் போவது குறைவு. முதலில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகும். பிறகு ஆறு நாள் வேலை நாலு நாளாகும். ஷிப்டுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வாரம் 4,500 வந்த வீட்டுக்கு இப்போது 2,000தான் வருகிறது. வேலை போகாததால் கம்பெனியிலிருந்து கடிதமும் கிடைக்காது. மூன்று மாத வங்கிப் பாஸ்புக்கோ பி.எஃப். கணக்கோ கேளுங்கள்; மாதச் சந்தா இறங்கியிருந்தால் அதுவே சாட்சி. ஒரு துண்டுக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டில் தைப்பவர்களிடம் பெரும்பாலும் இரண்டுமே இருக்காது. அவர்களுக்கு வகுப்பு ஆசிரியர் விசாரித்து எழுதும் ஒரு பக்கம் போதும். ஒன்றிரண்டு பேர் ஏமாற்றத்தான் செய்வார்கள், போகட்டும்.

நிதியை எதற்கு முதலில் செலவிடுவது? தேர்வுக் கட்டணத்துக்கு. கல்விக் கட்டண பாக்கிக்கு நீங்கள் அவகாசம் தரலாம். பல்கலைக்கழகத்தின் கடைசித் தேதிக்கு நீங்கள் தர முடியாது. கையில் 1,80,000 ரூபாய் இருந்தால் 15,000 ரூபாய் கல்விக் கட்டணத்தை 12 பேருக்குத் தள்ளுபடி செய்யலாம். அதே பணத்தில் தலைக்கு 1,500 ரூபாய் வீதம் 120 பேரைத் தேர்வு எழுத வைக்கலாம். நாங்கள் இரண்டாவதைத்தான் சொல்வோம். விண்ணப்பம் வந்து ஏழு நாளுக்குள் முடிவு சொல்லிவிடுங்கள். குழு கூடட்டும் என்று ஒரு மாதம் இழுத்தால் அதற்குள் பையன் வேலைக்குப் போயிருப்பான்.

தவணை என்றால் மாதம் முதல் தேதி என்று அலுவலகம் அச்சடித்து வைத்திருக்கும். உங்கள் ஊரில் சனிக்கிழமை அல்லவா சம்பளம்! திங்கட்கிழமை தோறும் கட்டுமாறு பிரியுங்கள். 15,000 ரூபாய்க்கு வாரம் 1,000 வீதம் 15 வாரம் என்பது காகிதத்தில் சரி. வாரம் 2,000 வரும் வீட்டில் நடக்காது. 500 ஆக்கி, மீதி 7,500-ஐ அடுத்த செமஸ்டருக்குத் தள்ளுங்கள்.

ஒரு கணக்குப் பிழை அடிக்கடி நடக்கிறது. சலுகை கொடுத்ததும் கட்டணத்தையே குறைத்து ரசீது போட்டுவிடுகிறார்கள். அந்தக் குறைந்த தொகையை வைத்துத்தான் அரசு உதவித்தொகையும் வங்கிக் கடனும் கணக்காகும். முழுக் கட்டணத்தைப் பற்று வைத்து, சலுகையைத் தனி வரவாகக் காட்டுங்கள். அரசுப் பணம் முதலில் வரட்டும். மீதிப் பள்ளத்தைக் கல்லூரி நிதி நிரப்பட்டும்.

கேள்வி: பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வரவில்லை என்று ஆதிதிராவிட மாணவர்கள் சொல்கிறார்கள். இணையதளமோ செலுத்தியாயிற்று என்கிறது. எது உண்மை?
— கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர்

பதில்: பல நேரம் இரண்டும் உண்மை! பணம் மாணவரின் ஆதார் எண்ணைத் தேடிப் போகிறது. கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தாரோ அங்கே விழும். பள்ளியில் தொடங்கிய கணக்கைப் பார்த்துவிட்டு வரவில்லை என்பார்கள். வங்கியில் ஆதார் நகல் கொடுத்தது மட்டும் போதாது, என்.பி.சி.ஐ. (தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம்) பதிவில் ஆதாரோடு அந்த வங்கியின் இணைப்பும் இருக்க வேண்டும். எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம். சேர்க்கை முடிந்த வாரமே எல்லோருக்கும் பார்த்துவிட்டால் மார்ச்சில் அலைய வேண்டாம்.

கேள்வி: மகளை ஒரு வருடம் நிறுத்தலாம் என்று இருக்கிறோம். பாக்கி கட்டினால்தான் அசல் சான்றிதழ் என்கிறது கல்லூரி.
— ஒரு தாய், பல்லடம்

பதில்: அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-லேயே அறிவித்துவிட்டது. அதைச் சுட்டிக்காட்டி முதல்வருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஆனால் டி.சி. மட்டும் கேட்காதீர்கள் அம்மா. அதை வாங்கினால் இடம் போய்விடும். படிப்பு இடைவெளிக்கு விண்ணப்பித்தால், பல்கலைக்கழக அனுமதியோடு அடுத்த ஆண்டு அதே செமஸ்டரில் சேரலாம். நடப்பு செமஸ்டரில் வருகைப்பதிவு போதுமானதாக இருந்தால், தேர்வை எழுதிவிட்டே நிற்கச் சொல்லுங்கள்.