சமையல் மேடைக்கு எந்தக் கல்?

கேள்வி: சமையல் மேடைக்குக் கல் பார்க்கப் போனோம். கறுப்பு கிரானைட், வெள்ளை மார்பிள், பார்க்க மார்பிள் போலவே இருக்கும் குவார்ட்சைட் என்று மூன்றைக் காட்டினார்கள். எல்லாமே மண்ணுக்குள்ளிருந்து வெட்டியெடுத்த கல்தானே? பிடித்த நிறத்தை வாங்கினால் போதாதா?

பதில்: வாங்கலாம், வெறும் அலங்காரத்துக்கு என்றால். தினமும் புழங்கும் மேடைக்கு அந்தக் கல் எப்படி உருவானது என்பதையும் பாருங்கள்.

கிரானைட் தீப்பாறை. பூமிக்குள் ஆழத்தில் பாறைக்குழம்பு மிக மெதுவாக ஆறி இறுகியது. ஆற அவகாசம் கிடைத்ததால்தான் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் படிகங்கள் மணிமணியாக வளர்ந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பங்கு ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற கனிமங்கள். எது எதைக் கீறும் என்று 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் கடினத்தன்மை அளவில் இவை முறையே 6, 7. சாதாரண எஃகுக் கத்தி 5.5 அளவில்தான் நிற்கும். அதனால் கீறல் எளிதில் விழாது. 'கறுப்பு கிரானைட்' என்று விற்பதில் பெரும்பாலானவை உண்மையில் கப்ரோ அல்லது டோலரைட். அவையும் கெட்டியான தீப்பாறைகளே, பெயருக்காகச் சண்டை போட வேண்டாம்.

மார்பிள் கதை வேறு. கடலடியில் சிப்பி, ஓடு, சுண்ணாம்பு வண்டல் படிந்து இறுகினால் சுண்ணாம்புக்கல், அது படிவுப்பாறை. அதுவே வெப்பத்திலும் அழுத்தத்திலும் சிக்கி மாறினால் மார்பிள், அதாவது உருமாறிய பாறை. மாறினாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லில் இருந்த அதே கால்சைட் கனிமம்தான், மோஸ் அளவில் கடினம் வெறும் 3. எலுமிச்சைச் சாறோ வினிகரோ சிந்தினால் அமிலம் கல்லையே அரித்து, பளபளப்பு போய்விடும். கல்லின் நுண்துளைகளை அடைக்கும் சீலர் பூச்சைப் பூசினால் சரியாகிவிடும் என்பார்கள். சீலர் கறை உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும், அரிப்பைத் தடுக்காது.

குவார்ட்சைட்டும் உருமாறியதுதான், ஆனால் மணற்கல்லிலிருந்து. மணல் துகள்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்துவிடுவதால் கிரானைட்டுக்குச் சளைத்ததல்ல. சிக்கல் என்னவென்றால், மார்பிளையே சிலர் 'சாஃப்ட் குவார்ட்சைட்' என்று தள்ளிவிடுவார்கள். அந்தப் பலகையிலிருந்தே உடைந்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, கூர்முனையைப் பழைய கண்ணாடி பாட்டிலில் அழுத்தி இழுத்துப் பாருங்கள். குவார்ட்சைட் என்றால் கண்ணாடியில் கீறல் விழும். மார்பிள் வழுக்கிக்கொண்டு போகும், கொஞ்சம் மாவு மட்டும் ஒட்டும்.

அப்புறம், கடையில் 'குவார்ட்ஸ்' என்று மட்டும் சொன்னால் அது குவார்ட்சைட் அல்ல. குவார்ட்ஸ் கனிமத் துகளை ரெசினில், அதாவது பிளாஸ்டிக் போன்ற செயற்கைப் பிசினில், குழைத்துத் தொழிற்சாலையில் வார்த்த பலகை அது. கறை பிடிக்காது என்பது ஓரளவு உண்மை. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை அப்படியே அதன்மேல் வைத்தால் ரெசின் கருகி நிறம் மாறலாம்.