லைட்ஹில் தாவினாரா?

அன்புள்ள ஐயா,

முதுநிலைக் கணிதம் படிக்கிறேன். பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஜேம்ஸ் லைட்ஹில் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஜெட் இரைச்சல், வெள்ளம், போக்குவரத்து, மீன் என்று தாவிக்கொண்டே இருந்தவருக்கு எதிலாவது ஆழம் இருந்திருக்குமா? தூய கணிதம் வராதவர்கள்தானே பயன்பாட்டுக் கணிதத்துக்குப் போகிறார்கள்? பிஎச்டிக்கு நான் எந்தத் தலைப்பை எடுக்கட்டும்?

அன்புள்ள தம்பி,

இரண்டாவது கேள்வி விடுதித் திண்ணைப் பேச்சு. லைட்ஹில் 26 வயதில் மான்செஸ்டரில் பேராசிரியர். 1969இல் இயற்பியலாளர் டிராக்குக்கு அடுத்து கேம்பிரிட்ஜின் லூக்காசியன் பேராசிரியர், அதாவது நியூட்டன் வகித்த பதவி. கணிதம் வராதவருக்கா அதைத் தூக்கிக் கொடுப்பார்கள்? இனி இப்படி எழுதாதீர்கள்.

ஆனால் 'தாவினார்' என்கிறீர்களே, அதை அப்படியே விட மனம் வரவில்லை. கொஞ்ச நாளாக எனக்கும் இதே யோசனைதான்.

1955இல் அவரும் ஜெரால்ட் விதம் (Whitham) என்ற கணிதவியலாளரும் சேர்ந்து இரண்டு கட்டுரைகள் எழுதினார்கள். ஒன்று ஆற்று வெள்ளம் பற்றி, மற்றது நெரிசலான சாலை பற்றி. சிக்னலில் நிற்கிறீர்கள். பச்சை விழுகிறது. முதல் வண்டி நகர்கிறது, அப்புறம் அதற்குப் பின்னால் இருப்பது, அப்புறம் அடுத்தது. உங்கள் முறை வருவதற்குள் மறுபடி சிவப்பு. வண்டிகள் முன்னால் போகின்றன, நகர்வு மட்டும் பின்னோக்கி வந்துகொண்டிருக்கிறது. வண்டியின் வேகம் வேறு, அலையின் வேகம் வேறு. ஆற்றிலோ வெள்ளத்தின் உச்சம் தண்ணீரை முந்திக்கொண்டு, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகத்தில் இறங்கும். சாலையில் பின்னால், ஆற்றில் முன்னால். சமன்பாடு ஒன்றேதான்: வந்ததில் போனது போக மிச்சம் தேங்கும், எவ்வளவு தேங்கியிருக்கிறதோ அதைப் பொறுத்து ஓட்டம் அமையும்.

மீனுக்கு வாருங்கள். அதன் உடலில் ஓர் அலை வாலை நோக்கி ஓடுகிறது, மீன் நீந்தும் வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில். ஜெட் இரைச்சலும் அலைதான். அதன் ஆற்றல் ஜெட் வேகத்தின் எட்டாம் அடுக்கில் ஏறும் என்று 1952இலேயே காட்டினார். வேகத்தைப் பாதியாக்கினால் இரைச்சல் 256இல் ஒரு பங்கு! இன்றைய விமான எஞ்சின்கள் பெரிய விசிறி வைத்து நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் தாவல் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். வாழ்நாள் முழுக்க ஓடுவதையும் அதில் எழும் அலையையும் விட்டு அந்த மனிதர் நகரவே இல்லை. தலைப்பை எண்ணிக் கணக்கு வைப்பது அலுவலக வேலை. உங்கள் வயதில் அது வேண்டாம்.

பிஎச்டி தலைப்பா? முதலில் அந்த வெள்ளக் கட்டுரையைப் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து படியுங்கள். எந்த வரியில் சிக்கி நின்றீர்கள் என்று எழுதுங்கள். திட்ட மாட்டேன்.

அன்புடன்.