தொட்டுப் பார்க்காம வலிக்கு மருந்து கொடுக்க முடியுமா டாக்டர்?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயசு, நுரையீரல் கேன்சர், இடுப்பு எலும்பு வரைக்கும் பரவிடுச்சு. வண்டியில கூட்டிட்டு போனா ஒவ்வொரு குலுக்கலுக்கும் துடிச்சுப் போறார். அதனால பாலியேட்டிவ் கேர் (வலியையும் கஷ்டத்தையும் குறைக்கற சிகிச்சை) டாக்டர் இனிமே வீடியோ கால்லயே பார்க்கறேன்னு சொல்றாங்க. இது கை கழுவுற மாதிரியா? மார்ஃபின் 4 மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு எழுதியிருக்காங்க, அடிமையாகிடுவாரோன்னு பயந்து ரொம்ப முடியாதப்ப மட்டும் கொடுக்கறேன், டாக்டர்கிட்ட இதை சொல்லல.

பதில்: கை கழுவுறது இல்லம்மா. கீமோ, ரேடியேஷன் நடக்கும்போதே கூட பாலியேட்டிவ் கேர் கொடுக்கலாம், சீக்கிரம் ஆரம்பிச்சா இன்னும் நல்லது. வீடியோல பார்த்தா போதுமாங்கறதையும் சோதிச்சு பார்த்திருக்காங்க, 2024ல வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வுல முற்றின நுரையீரல் கேன்சர் பேஷண்ட்ஸ் 1250 பேர்ல பாதி பேரை நேர்லயும் பாதி பேரை வீடியோலயும் பார்த்தாங்க, வாழ்க்கைத் தரத்துல ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருந்துச்சு.

யோசிச்சு பாருங்க, பிரஷருக்கு மெஷின் இருக்கு, வலிக்கு ஏது? எதிர்ல உட்கார்ந்திருந்தாலும் நான் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். அதனால தொடாம பார்க்கறதை விட, பாதி சொல்லி பாதி மறைக்கறதுதான் எனக்கு பயம். நீங்க மாத்திரையை ஒழுங்கா கொடுக்கலன்னு டாக்டருக்கு தெரியாது, ஆறு வேளையும் கொடுத்தும் வலி நிக்கலன்னு நினைச்சு டோஸை ஏத்திடுவார், அப்புறம் நீங்க திடீர்னு முழுசா கொடுக்க ஆரம்பிச்சா உடம்பு தாங்காது. அடுத்த கால் வரைக்கும் காத்திருக்காம இன்னைக்கே சொல்லிடுங்க, எந்த டோஸ்ல ஆரம்பிக்கறதுன்னு அவர் சொல்லட்டும். திட்ட மாட்டார், நாங்க இதை தினமும் கேட்கறோம்.

அடிமையாகற பயம் பத்தி. டாக்டர் கண்காணிப்புல வலிக்காக எடுக்கறவங்களுக்கு அது அபூர்வம். சில நாள்ல உடம்பு பழகும்தான், அதனால சட்டுன்னு நிறுத்தக்கூடாது, படிப்படியா குறைக்கணும், ஆனா பழகறது வேற, போதைக்கு அலையறது வேற. வலி உச்சத்துக்கு போன பிறகு கொடுத்தா அடக்க அதிக மருந்து வேணும், நேரத்துக்கு கொடுத்தா குறைவுலயே நிக்கும். முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், போயிடும். மலச்சிக்கல் மட்டும் தானா போகாது, மார்ஃபின் கூடவே மலமிளக்கியும் எழுதித்தர சொல்லுங்க. 12 மணி நேர மாத்திரைன்னு ஒரு வகை இருக்கு, விழுங்க முடியலன்னு அதை மட்டும் பொடி பண்ணிடாதீங்க, மொத்த மருந்தும் ஒரே நேரத்துல உடம்புல இறங்கிடும்.

ஒரு நோட்டு போடுங்க. எத்தனை மணிக்கு வலிச்சது, 0ல இருந்து 10க்குள்ள எவ்வளவு, எந்த மாத்திரை, ஒரு மணி நேரம் கழிச்சு எவ்வளவு, தூங்கினாரா, மலம் போனாரா, அவ்வளவுதான். எரியுது, ஷாக் அடிக்குதுன்னு சொன்னா அதே வார்த்தையில எழுதுங்க, அது நரம்பு வலியா இருக்கலாம், அதுக்கு மாத்திரை வேற. அசைஞ்சா மட்டும் எலும்புல உயிர் போகுதுன்னா ரேடியேஷன் உதவும், பல பேருக்கு ஒரே தடவை போதும், அதுக்காக மட்டும் ஒரு பயணம் போறது எனக்கு சரின்னுதான் படும்.

கால் வந்ததும் போனை அப்பா கையில கொடுங்க. எல்லா வீட்லயும் பக்கத்துல இருக்கறவங்கதான் பேசுவாங்க, பேஷண்ட் தலையாட்டிட்டு இருப்பார். ஒருத்தர் மக பக்கத்துல இருக்கற வரைக்கும் வலியே இல்லன்னார், அவங்க தண்ணி எடுக்க எழுந்து போன அந்த ஒரு நிமிஷத்துல ராத்திரி முழுக்க தூங்கலம்மான்னு அழுதுட்டார். அதனால கொஞ்ச நேரம் ரூமை விட்டு வெளிய போங்க. அப்புறம் வந்து வீட்ல இருக்கற எல்லா மாத்திரை அட்டையையும் கேமரா முன்னாடி காட்டுங்க, ஒரே மருந்து ரெண்டு வேற வேற கம்பெனிப் பெயர்ல ஓடிட்டு இருக்கறதை நான் அப்படித்தான் கண்டுபிடிச்சிருக்கேன். முடிஞ்சா ரெண்டு அடி நடக்கவும் சொல்லுங்க.

எலும்புல பரவினவருக்கு புதுசா முதுகுவலி வந்து கால் பலம் குறைஞ்சாலோ மரத்துப் போனாலோ சிறுநீர் போக முடியலன்னாலோ வீடியோ கால் எல்லாம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி, தண்டுவடம் அழுந்தியிருக்கலாம். கீமோ நடக்கறப்ப 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல்னாலும் அப்படித்தான். எழுப்பினாலும் எழாம மூச்சு ரொம்ப மெதுவாச்சுன்னா அடுத்த மார்ஃபின் கொடுக்காம ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க.

மார்ஃபின் சட்டம் நாட்டுக்கு நாடு வேற, வீடியோல பார்த்து மட்டும் எழுதித்தர சில இடத்துல அனுமதி கிடையாது. அப்பா வராம நீங்க மட்டும் போய் சீட்டும் மாத்திரையும் வாங்கலாமான்னு இந்த கால்லயே கேட்டுக்கங்க, அட்டையில ஒரு வாரத்துக்கு மிச்சம் இருக்கும்போதே.